ஆம்ப்ளிஃபயரை அணைக்கவே கூடாதா? வார்ம் அப் எவ்வளவு நேரம்?

லாஸ்பேட்டை_ஸ்டீரியோ | 14.09.2024, இரவு 9.40

ஏபி வகை ஆம்ப் (சிக்னலின் பிளஸ் பாதியும் மைனஸ் பாதியும் வேற வேற டிரான்சிஸ்டர்ல போற ரகம்), சேனலுக்கு 60 வாட், அவுட்புட் டிரான்சிஸ்டர் 5200/1943 ஜோடி. பின்பக்க மெயின் சுவிட்சை அணைக்கவே கூடாது, எந்நேரமும் ஆன்லயே இருந்தாதான் சவுண்டு கனிஞ்சு வரும், பார்ட்ஸும் நீடிக்கும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்துது. அணைச்சுப் போட்டா ஒரு மணி நேரம் ஓடின பிறகுதான் உட்கார்ந்து கேட்கணுமாம். பாட்டே போடாம சும்மா இருக்கும்போது பிளக் மீட்டர் 40 வாட் காட்டுது. நிஜமாவே தேவையா, இல்ல கரண்டுக்குக் கேடா?

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 14.09.2024, இரவு 11.05

சூடாக வேண்டும் என்பது நிஜம். அணைக்கவே கூடாது என்பது தனி விஷயம். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதால்தான் குழப்பம்.

ஏபி வகையில் பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியே ஒரு சிறு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஐடில் கரண்ட், பயாஸ் என்று சொல்வது இதைத்தான். சிக்னல் பிளஸ் பக்கத்திலிருந்து மைனஸ் பக்கத்துக்குக் கைமாறும் இடத்தில் பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. இது குறைந்தால் அந்தப் பள்ளம் விழும், அதற்குப் பெயர் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் அது அதிகம் தெரியும். சிக்னல் சிறுத்தாலும் பள்ளம் சிறுப்பதில்லை.

சிலிக்கானின் பேஸ்–எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் இறங்கும். டிரான்சிஸ்டர் 20 டிகிரி ஏறினால் ஒன்றுக்கு 40, ஜோடிக்கு 80 மில்லி வோல்ட். ஜோடியின் கரண்ட் ஓடும் வழியில் எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் வீதம் இரண்டு, ஆக 0.44 ஓம். 80ஐ 0.44ஆல் வகுத்தால் 180 மில்லி ஆம்பியர். அவ்வளவு கரண்ட் தானாகக் கூடிவிடும். இதைத் தடுக்கத்தான் பிடி139 மாதிரி ஒரு சின்ன டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்கிலேயே (அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டையிலேயே) திருகி வைக்கிறார்கள். சிங்க் சூடாகச் சூடாக அது பயாஸ் வோல்டேஜை இறக்கிக்கொண்டே போகும். ஆனால் சிங்க்கில் சூடு பரவ நேரம் ஆகும். அதுவரை ஐடில் கரண்ட் அலைந்துகொண்டே இருக்கும். கம்பெனியில் பயாஸ் செட் செய்தது சூடான நிலையில். ஆக, குளிர்ந்த ஆம்ப் அந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ நிற்கும்.

60 வாட் ஆம்புக்கு இந்த அலைச்சல் 20 முதல் 30 நிமிடத்தில் அடங்கும். அதற்குப் பிறகு மூன்று நாள் ஆனில் விட்டாலும் அதே சூடு, அதே கரண்ட்தான். தோசைக்கல் காய வேண்டும். அதற்காக ராத்திரி முழுக்க அடுப்பு எரிய வேண்டியதில்லை.

கடலூர்_ஓடி | 15.09.2024, காலை 7.20

40 வாட் 24 மணி நேரத்துக்கு 0.96 யூனிட். மாசம் 29. நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் ரெண்டு மாசக் கணக்கு, 58 யூனிட் ஆகுது. இலவசமா வர்ற 100 யூனிட்ல பாதிக்கு மேல பாட்டே கேட்காம போயிடும். தினம் மூணு மணி நேரம் மட்டும் ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்டைச் சுத்தி நிக்கும். சத்தமா வெச்சா கொஞ்சம் கூடும்.

முத்தியால்பேட்டை_சர்க்யூட் | 15.09.2024, காலை 10.15

மேலே உள்ள 180 மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு விடுபடல். கரண்ட் கூடும்போது பேஸ்–எமிட்டர் வோல்டேஜும் லாகரிதப்படி ஏறும். ஒரு பங்கு அங்கே போய்விடும். 100 மில்லி ஆம்பியரில் நிற்கும் ஜோடி 200க்குப் போனால் ரெசிஸ்டர்களில் 44 மில்லி வோல்ட், இரண்டு ஜங்ஷனிலும் சேர்த்து 36. மொத்தம் 80. ஆக, கூடுவது சுமார் 100 மில்லி ஆம்பியர், கரண்ட் இரட்டிக்கும். ±35 வோல்ட் ரெயிலில் (ஆம்புக்குள் ஓடும் டிசி சப்ளையில்) சேனலுக்கு 7 வாட் இருந்த சூடு 14 வாட் ஆகும். அந்தச் சூட்டில் கரண்ட் இன்னும் ஏறும். பிடி139 சிங்க்கை ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றால் தெர்மல் ரன்அவேயில் (சூடும் கரண்டும் ஒன்றையொன்று ஏற்றி டிரான்சிஸ்டர் எரிவதில்) முடிவது இப்படித்தான். போர்டில் நட்டாற்போல் நிற்கிற பயாஸ் டிரான்சிஸ்டரைப் பார்த்தால் வார்ம் அப் பேச்சை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிபண்ணுங்கள்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 15.09.2024, மதியம் 1.30

இரட்டிக்கும் என்பதே சரியான கணக்கு.

எல்லா ஆம்புக்கும் ஒரே பதில் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்எம்3886, டிடிஏ7294 மாதிரி ஐசியில் பயாஸும் அவுட்புட்டும் ஒரே சிலிக்கான் சில்லில் இருப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு உடனே தெரியும். அங்கே அரை மணி காத்திருப்பது வீண். 2எஸ்கே1058/2எஸ்ஜே162 மாதிரி லேட்டரல் மாஸ்ஃபெட்டில் 100 மில்லி ஆம்பியரை ஒட்டி, சூடு ஏறினாலும் கரண்ட் நகராத ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் பயாஸ் தானாக நிற்கும். 1975இல் வந்த குவாட் 405ஐப் பார்த்தால் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு ஐடில் கரண்டே இல்லை, செட் செய்ய பிரீசெட்டும் (திருகி அளவு மாற்றும் குட்டி ரெசிஸ்டர்) இல்லை. டி வகை போர்டுகளில் (அவுட்புட்டை வேகமாக ஆன்–ஆஃப் செய்தே ஓட்டும் ரகம்) பேச இதில் ஒன்றுமே இல்லை.

முழுக்க எதிர்ப்பக்கம் ஏ வகை, பாட்டு இல்லாவிட்டாலும் முழுக் கரண்டும் ஓடும் ரகம். ஆன் செய்த நொடியிலிருந்தே முழுச் சூட்டில் நிற்கும், சிங்க்கும் கனம். 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்பது அங்கே நியாயமான பேச்சு. அதையே ஆனில் விட்டுவிட்டுத் தூங்கப்போவது நியாயமில்லை. 200 வாட் இழுத்தால் நாளைக்கு 4.8 யூனிட், கத்திரியில் அறைக்குள் ஒரு ஹீட்டர்.

குருசுக்குப்பம்_வால்வு | 15.09.2024, இரவு 8.50

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்த 'அணைக்காதே' பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இஎல்34 மாதிரி பவர் வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான். எந்நேரமும் எரிந்தால் ஒரு செட் வால்வு ஓர் ஆண்டைத் தாண்டாது. சவுண்டு வர 30 விநாடி, பயாஸ் நிலைக்க 15–20 நிமிடம். அதற்கு மேல் காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போட்டு ஹீட்டரை மட்டும் மணிக்கணக்கில் எரிய விடுவதும் கெடுதல். ஆனோடு கரண்ட் ஓடாமல் கேதோடு மட்டும் சூடாக இருந்தால் அதன் பூச்சுக்கு அடியில் தடைப்படலம் வளர்ந்து வால்வு நாளடைவில் பலம் குன்றும்.

நம் ஊரில் பார்க்க வேண்டியது மெயின்ஸ் வோல்டேஜ். ஹீட்டர் 6.3 வோல்ட், 10 சதவீதம் வரை ஏறலாம், அதாவது 6.93. டிரான்ஸ்ஃபார்மர் 220 டேப்பிங்கில் (220 வோல்ட் மெயின்ஸுக்கான இணைப்பில்) இருந்து, ராத்திரி லைனில் 250 வந்தால் ஹீட்டருக்கு 7.16 போகும். 230 டேப்பிங் என்றால் 6.85, ஓரத்தில் தப்பிக்கும். 240 டேப்பிங் என்றால் 6.56, நிம்மதி. முதலில் ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டரை வைத்து லைன் வோல்டேஜைப் பாருங்கள், அப்புறம் டேப்பிங்கை மாற்றுங்கள். ஃபிக்ஸ்ட் பயாஸ் (கையால் செட் செய்யும் ரகம்) இஎல்34க்கு அதன் உச்ச அளவான 25 வாட்டில் 70 சதவீதம் போதும்: ஆனோடு 450 வோல்ட் என்றால் 39 மில்லி ஆம்பியர். 20 நிமிடம் கழித்தே அளக்க வேண்டும்.

அரியாங்குப்பம்_டிஐஒய் | 16.09.2024, இரவு 10.10

ஆன்லயே வைக்கிறதுக்கு ஒரு நியாயம் இருக்குது, அதை யாரும் சொல்லல. தினம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சால்டர் ஜாயிண்ட் வெடிக்குது. எமிட்டர் ரெசிஸ்டர் காலு, 7815/7915 ரெகுலேட்டர் காலு, ரெக்டிஃபயர் காலு, மூணுலயும் வட்டமா முடி மாதிரி கீறல் விழும். லென்ஸ் வெச்சாதான் தெரியும். அதோட ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரும் காலியான ஃபில்டர் கெப்பாசிட்டரும் சேர்ந்து பத்து ஆம்பியர் கணக்குல இழுக்கும். ஆன்லயே இருந்தா இந்த ரெண்டு அடியும் கிடையாதே?

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 17.09.2024, காலை 6.45

தம்பி சொல்வது உண்மை. ஆனால் தராசின் மறுதட்டில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கிறது, அதுதான் கனமான தட்டு.

பொதுவான கணக்கு: சூடு 10 டிகிரி இறங்கினால் ஆயுள் இரட்டிக்கும். மேலே '85 டிகிரி' என்று அச்சிட்ட, 2,000 மணி நேர ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 55 டிகிரி என்றால் மூன்று முறை இரட்டித்து 16,000 மணி நேரம். எந்நேரமும் ஆனில் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது. தினம் மூன்று மணி நேரம் ஓடினால் அதே கெப்பாசிட்டருக்கு 14 ஆண்டுக்கு மேல். 105 டிகிரி ரகம் என்றால் 64,000 மணி நேரம், தொடர்ந்து ஓடினாலும் ஏழு ஆண்டு. முடிந்தது என்றால் வெடிப்பது என்று அர்த்தமில்லை. கொள்ளளவு குறைந்து, உள்தடை ஏறி, ஹம் தலைகாட்டும் நிலை.

சால்டர் கீறலைத் திரும்பச் சூடுகாட்டிப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். 10,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் நான்கை மாற்றுவது அப்படியில்லை, நல்லதாகத் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டும்.

ஆன் ஆகும்போது இழுக்கும் கரண்டுக்கு அணைக்காமல் இருப்பது மருந்தல்ல. சாஃப்ட் ஸ்டார்ட்தான் மருந்து. மெயின்ஸில் 33 ஓம் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர், 10 வாட்டுக்குக் குறையாமல். ஒன்றரை விநாடி கழித்து ரிலே அதை ஷார்ட் செய்யும். மெயின்ஸின் உச்சி 325 வோல்ட், அதை 33ஆல் வகுத்தால் 10 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ரிலே பிடிக்காமல் போனால் ரெசிஸ்டர் சிவக்கும், ஆகவே அதன் முதுகில் ஒரு தெர்மல் ஃபியூஸ் கட்டாயம்.

முத்தியால்பேட்டை_சர்க்யூட் | 17.09.2024, மாலை 6.00

ரிலே இல்லாமல் என்டிசி தெர்மிஸ்டர் (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) மட்டும் போட்ட போர்டுகளும் நிறைய. குளிர்ந்திருக்கும்போது 10 ஓம், ஓடும்போது ஒரு ஓமுக்கும் கீழே. கரண்ட் போய் இரண்டு விநாடியில் திரும்பி வந்தால் என்டிசி இன்னும் சூட்டில் இருக்கும், அதனால் தடுப்பே இருக்காது. ஃபியூஸ் போவது அப்போதுதான். ஆற ஓரிரு நிமிடம் வேண்டும். மழைக்காலத்தில் நம்மிடம் கரண்ட் சிமிட்டுவது வழக்கம்தானே. எந்நேரமும் ஆனில் இருக்கும் ஆம்ப் இந்தச் சிமிட்டல் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ளும், ஆளில்லாத வீட்டிலும். என்டிசியையும் ரிலே பைபாஸ் செய்தால் ஓடும்போதே அது ஆறி, அடுத்த ஸ்டார்ட்டுக்குத் தயாராக நிற்கும்.

லாஸ்பேட்டை_ஸ்டீரியோ | 18.09.2024, இரவு 9.00

சார், அப்போ என் ஆம்ப் எவ்வளவு நேரத்துல நிலைக்குதுன்னு அளக்க முடியுமா? மூடியைக் கழட்டத் தெரியும், மல்டிமீட்டர் இருக்குது.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 18.09.2024, இரவு 11.40

முடியும். மெயின்ஸைப் பிடுங்கி, ஃபில்டர் கெப்பாசிட்டரில் 5 வோல்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டு உள்ளே கை வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள், வால்யூம் பூஜ்யம். ஒரு சேனலில் வெள்ளைச் செங்கல் மாதிரி நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் ஹூக் கிளிப் மாட்டி, ஒயரை வெளியே எடுத்து, மூடியை மூடுங்கள். புரோபைக் கையில் பிடித்து அளக்க வேண்டாம். வழுக்கி அடுத்த காலைத் தொட்டால் அந்த நொடியே ஜோடி காலி. மீட்டர் 200 மில்லி வோல்ட் ரேஞ்சில். ஆன் செய்த உடனே ஒரு அளவு, பிறகு 5, 10, 20, 30, 45ஆம் நிமிடங்களில் ஒவ்வொன்று. அடுத்தடுத்த இரண்டு அளவுக்குள் வித்தியாசம் 5 சதவீதத்துக்குக் கீழே வரும் நேரம்தான் உங்கள் ஆம்புக்கான வார்ம் அப்.

மூடி திறந்த ஆம்பில் அளந்த கணக்கு செல்லாது. காற்றோட்டம் மாறி சிங்க் சில டிகிரி குளிர்ந்தே நிற்கும்.

0.22 ஓம் ரெசிஸ்டரில் 22 மில்லி வோல்ட் என்றால் 100 மில்லி ஆம்பியர். எமிட்டர் ஃபாலோயர் வகைக்கு ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 26 மில்லி வோல்ட்டை ஒட்டி வைப்பது ஏட்டுக் கணக்கு. பல கம்பெனிகள் சூட்டுக்குப் பயந்து பாதியில் நிறுத்தும். சர்வீஸ் மேனுவல் இருந்தால் அதில் போட்டிருப்பதே வேதம்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பளபள அலுமினியத்தை நேராகக் காட்டி ஏமாற வேண்டாம், குறைவாகவே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 19.09.2024, காலை 6.10

இன்னொன்று சேர்க்க வேண்டும். மேலே அளப்பது சும்மா நிற்கும் ஆம்பின் நிலை. பாட்டு ஓடும்போது அது அப்படியே இருக்காது. சத்தமான ஒரு பகுதி வந்தால் டிரான்சிஸ்டரின் உள்சில்லு உடனே சூடாகும், சிங்க்கில் இருக்கும் பிடி139க்கு அது தெரிய நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பயாஸ் அதிகம். சத்தம் அடங்கியதும் சில்லு உடனே ஆறும், சிங்க் சூட்டிலேயே நிற்கும். இப்போது பயாஸ் குறைவு. ராத்திரி முழுக்க சும்மா ஆனில் கிடந்த ஆம்பும் முதல் பாட்டிலேயே இந்த ஊசலாட்டத்துக்குள் வந்துவிடுகிறது. எந்நேரமும் ஆனில் வைப்பது வீண் என்று சொல்ல இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் தெர்மல்டிராக் ரக டிரான்சிஸ்டர்களில் அளவு பார்க்கும் டயோடை பவர் சில்லின் பக்கத்திலேயே, ஒரே உறைக்குள் வைத்தார்கள்.

அரியாங்குப்பம்_டிஐஒய் | 19.09.2024, இரவு 9.30

அண்ணா, சரி. ஆனா பிரிட்டன் கம்பெனி நெய்ம் தன் டிரான்சிஸ்டர் ஆம்புகளை ஆன்லயே வைக்கச் சொல்லுதே?

முத்தியால்பேட்டை_சர்க்யூட் | 20.09.2024, காலை 8.00

சொல்கிறது. கூடவே இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கவும் சொல்கிறது. அந்த ஊர் அறையின் 20 டிகிரிக்கும் நம் மே மாதத்து 38 டிகிரிக்கும் நடுவே 18 டிகிரி. மேலே போட்ட கெப்பாசிட்டர் கணக்குப்படி ஆயுள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அங்கே பொருந்தும் யோசனையை இங்கே அப்படியே தூக்கிவர முடியாது.

வார்ம் அப் பேச்சில் சட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1974இல் அமெரிக்க வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபயர் விதியைக் கொண்டுவந்தபோது, பவரை அளக்கும் முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றது. கனிந்த சவுண்டுக்காக அல்ல, சூட்டில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க. ஏபி ஆம்ப் அதிகம் சூடாவது முழுப் பவரில் அல்ல, சைன் வேவில் முழுப் பவரின் 40 சதவீதத்தை ஒட்டி. மூன்றில் ஒரு பங்கு அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது. சின்ன சிங்க் வைத்த ஆம்புகள் திணறின. பின்னர் அதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 22.09.2024, மாலை 5.15

"குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, அரை மணி கழித்து வேற மாதிரி" என்று சர்வீஸுக்கு வருவதில் பெரும்பங்கு வார்ம் அப்பே இல்லை. பழுது.

முதல் பத்து நிமிடம் ஒரு சேனல் மங்கலாகவோ கரகரவென்றோ இருந்து, ஒரு தடவை சத்தம் கூட்டியதும் தெளிந்தால், அது ஸ்பீக்கர் ரிலே. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் வெள்ளிக் காண்டாக்ட் சீக்கிரமே கறுத்துவிடும். சிறு சிக்னல் அந்தப் படலத்தைத் தாண்டாது, பெரிய கரண்ட் துளைத்துப் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கறுக்கும். ரிலேயை மாற்றுங்கள். ஆன் செய்ததும் ஹம் கேட்டு ஐந்து நிமிடத்தில் குறைந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதபோதும் நிற்கும் டிசி வோல்டேஜ்) 100 மில்லி வோல்டில் தொடங்கி மெல்ல இறங்கினால் இன்புட் ஜோடி டிரான்சிஸ்டர்கள் தனித்தனியாக நிற்கின்றன. முகத்தோடு முகம் ஒட்டி, நடுவில் பேஸ்ட் வைத்து, ஒரு செப்புப் பட்டையால் கட்டினால் நிற்கும்.

எந்நேரமும் ஆனில் வைத்தால் இந்தப் பழுதுகள் கண்ணில் படாது. அதனாலேயே 'ஆனில் இருந்தால் நல்லா இருக்குது' என்று தோன்றும்.

கடலூர்_ஓடி | 22.09.2024, இரவு 7.50

ஸ்பீக்கரும் சூடாகும்ல? வாய்ஸ் காயில் செம்பு, டிகிரிக்கு 0.39 சதவீதம் தடை ஏறும். 6 ஓம் காயில் 100 டிகிரி ஏறினா 8.3 ஓம். பவர் குறைஞ்சு சவுண்டு அமுங்கும். மாசி மகத்துக்குக் கரையில நாள் முழுக்க ஓடுற சவுண்டு செட்ல சாயங்காலம் ஏன் பலம் இல்லைன்னா இதுவும் ஒரு காரணம். ஆம்ப் பக்கம் வெயில் விழாம ஓலை கட்டுறதும், பின்னாடி ஃபேன் காத்துக்கு ஒரு அடி இடம் விடுறதும்தான் அங்க முக்கியம்.

குருசுக்குப்பம்_வால்வு | 6.10.2024, இரவு 9.15

ஏசி அறையில் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு. ஏசி 20 டிகிரியில் ஓடி, அணைத்து ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் பூக்கும் சூடு) 25 டிகிரியை ஒட்டி நிற்கும். 20 டிகிரியில் இருக்கும் பெட்டியின் உலோகத்தின் மேல் உடனே நீர் பூக்கும், வெளியில் மட்டுமல்ல, உள்ளேயும். அந்த நிலையில் ஆன் செய்யக் கூடாது. ஒரு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். ஆனில் இருக்கும் ஆம்பில் இது நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடலோரத்தில் ஆன் பக்கத்துக்கு உள்ள வலுவான வாதம் இதுதான்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 7.10.2024, காலை 6.30

அய்யா சொன்ன ஈரம் ஆம்பை அணைத்தே வைப்பவர்களுக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் அணைத்துக் கிடந்தால் பிரீசெட்டும் ரிலேயும் கெடும். அதற்கு 40 வாட்டை 24 மணி நேரம் எரிக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் பாட்டோடு ஓட்டுங்கள், பெட்டி உள்ளே காய்ந்துவிடும். டேக் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் பெட்டி), ப்ரீஆம்ப் மாதிரி 5 வாட்டுக்குள் அடங்கும் பெட்டிகளை மழைக்காலத்தில் ஆனில் விடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ரிமோட் ஸ்டாண்ட்பை உள்ள புது ஆம்புகளில் பெரும்பாலும் ஒரு குட்டி சப்ளை மட்டும்தான் உயிரோடு இருக்கும். ஐரோப்பிய விதி 2013 முதல் அதை 0.5 வாட்டுக்குள் கட்டிப்போட்டது. அதனால் பெட்டி காயாது.

இளஞ்சூடான பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடிவரும். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) பக்கம் 325 வோல்ட் ஓடும் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு பல்லி போதும். காற்றுத் துளைகளின் உட்பக்கம் மெல்லிய ஸ்டீல் வலை ஒட்டுங்கள். நைலான் கொசுவலை வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 29.11.2024, மாலை 4.20

புயல் நம் பக்கம்தான் என்கிறார்கள். யாரும் இன்று வார்ம் அப் பார்க்க வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ஆன்டெனா, கேபிள் டிவி, நெட் கேபிள் எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகத்தான் அதிகம் வரும். பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி மேசைக்கு ஏற்றுங்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் மாட்டாதீர்கள். 2011 டிசம்பர் தானே புயல் மாதிரி கம்பங்கள் சாய்ந்தால் சரிசெய்யும் வேலைக்கு நடுவே நியூட்ரல் விடுபடலாம். நியூட்ரல் போனால் ஒரு வீட்டுக்கு 100 வோல்டும் பக்கத்து வீட்டுக்கு 350க்கு மேலும் போகும். மீட்டரை சாக்கெட்டில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். 210–250க்குள் ஆடாமல் நின்றால் மட்டும் பிளக்.

லாஸ்பேட்டை_ஸ்டீரியோ | 5.12.2024, காலை 10.30

சார், எங்க பக்கம் வீட்டுக்குள்ள ரெண்டு அடி தண்ணி. ஆம்ப் மேல இருந்ததால தப்பிச்சுது. கீழ் ஷெல்ஃப்ல இருந்த சப்வூஃபர் ஆம்ப் முழுகிடுச்சு. ஆன் பண்ணல. என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 5.12.2024, காலை 11.00

ஆன் செய்யாதது நல்லது. இங்கேயும் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து இதே கேள்விதான் வருகிறது, அதனால் விரிவாகவே.

சேற்றைக் காய விடாதீர்கள். காய்ந்தால் உப்பும் மண்ணும் கால்களுக்கு நடுவே பாலம் கட்டும். கெப்பாசிட்டர் வோல்டேஜைப் பார்த்துவிட்டு போர்டைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரும் நம் ஊரில் உப்புதான், ஆகவே கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், அதற்கு மேல் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். ஐசி, ரிலே, பிரீசெட்டுக்கு அடியில் தண்ணீர் ஒளிந்திருக்கும். சாய்த்து வைத்து ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள். திறந்த பிரீசெட்டையும் ரிலேயையும் காப்பாற்ற முயல வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே ஈரம் பிடித்திருக்கும். வெயிலில் வைத்தால் போதாது. 60–70 டிகிரியில் பல மணி நேரம் வேண்டும். அதன் பிறகு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பிரைமரிக்கும் கோருக்கும் நடுவே அளங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே என்றால் திரும்பக் காயட்டும், பிளக் போடாதீர்கள். மெகர் இல்லாவிட்டால் ரீவைண்டிங் கடையில் அளந்து தருவார்கள்.

முதல் ஆன் சீரிஸ் பல்பில், அதாவது மெயின்ஸ் வழியில் தொடராக ஒரு பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட், உடனே பிடுங்குங்கள். ஏ வகை ஆம்பில் மட்டும் பல்பு மங்காது, அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

அரியாங்குப்பம்_டிஐஒய் | 6.12.2024, இரவு 8.40

புது பிரீசெட் போட்டா பயாஸ் எங்க இருந்து ஆரம்பிக்கிறது? பழைய இடம் தெரியாதே.

முத்தியால்பேட்டை_சர்க்யூட் | 6.12.2024, இரவு 10.25

முதலில் போர்டைத் திருப்பி, பிரீசெட் பிடி139இன் எந்தக் காலுக்கு நடுவே இருக்கிறது என்று பாருங்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்தால், வைப்பர் (உள்ளே நகரும் தொடுமுனை) விட்டுப்போனாலும் பயாஸ் அடிமட்டத்துக்கு இறங்கும்; ஆம்ப் பிழைக்கும். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தால், வைப்பர் விட்ட நொடி பயாஸ் உச்சிக்குப் போய் அவுட்புட் ஜோடி எரியும். உப்புக்காற்று ஊரில் இந்த இரண்டாவது அமைப்பை விட்டுவைக்கக் கூடாது. டிராக்கை வெட்டி இடம் மாற்ற முடியாவிட்டால், வைப்பர் விட்டாலும் சர்க்யூட் திறக்காதபடி வைப்பரையும் ஓரக் காலையும் சேர்த்துக் கட்டி, பிரீசெட்டுக்கு இணையாகப் பொருத்தமான ஒரு நிலை ரெசிஸ்டரும் போடுங்கள். மூடிய ரகப் பல்சுற்று பிரீசெட்டே வாங்குங்கள்.

ஆரம்பம்: பேஸ்–எமிட்டர் வகையில் தடை அதிகமாக இருக்கும் பக்கம், மற்றதில் குறைவாக இருக்கும் பக்கம். சீரிஸ் பல்போடு ஆன் செய்து எமிட்டர் ரெசிஸ்டரில் 5 மில்லி வோல்டுக்குக் கொண்டு வாருங்கள். பல்பை எடுத்துவிட்டு 10. பத்து நிமிடம் பொறுத்து 15. மூடியை மூடி அரை மணி கழித்துத்தான் மேனுவல் சொல்லும் அளவு. பிறகு 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்), மூன்றில் ஒரு பங்கு பவரில் 15 நிமிடம் ஓட்டி, சிக்னலை நிறுத்தியதும் மீட்டரைக் கவனியுங்கள். அளவு மேலேயோ கீழேயோ போய்ச் சில நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தால் சரி. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் சுவிட்சை அணைத்துவிட்டு பிடி139க்கு அடியில் பேஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

லாஸ்பேட்டை_ஸ்டீரியோ | 15.12.2024, இரவு 9.10

சப்வூஃபர் ஆம்ப்: டிரான்ஸ்ஃபார்மர் மெகர்ல 40 மெகா ஓம். ரிலே, பிரீசெட் புதுசு. சீரிஸ் பல்பு மங்கிடுச்சு. பிரீசெட் கலெக்டர் பக்கம்தான் இருந்துச்சு, இடம் மாத்தியாச்சு. மூடி போட்டு அரை மணி கழிச்சு ரெண்டு ரெசிஸ்டர்லயும் 14 மில்லி வோல்ட், ஒரு மணி நேரத்துல 14.5. ஸ்பீக்கர் கூம்பு பேப்பர், ஊறிப் போச்சு, அதை ரீகோன் (புதுக் கூம்பு) பண்ணக் கொடுத்திருக்கேன்.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச் | 15.12.2024, இரவு 9.35

14.5இல் நிற்கட்டும், தொடாதீர்கள். ரீகோன் ஆகி வந்ததும் ஸ்பீக்கரை மாட்டும் முன் டெர்மினலில் டிசி ஆஃப்செட் பாருங்கள், 50 மில்லி வோல்டுக்குள் இருக்க வேண்டும். சித்திரையில் அறை சூடேறியதும் பயாஸை ஒரு தடவை திரும்ப அளங்கள். கார்த்திகையில் வைத்த அளவு அப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும்.